விரல் போட்ட கோடு

கொரியச் சரித்திரத் தொடர்களைப் பார்ப்பவர்களுக்கு அந்தக் கொல்லைப்புறம் பழக்கமாகியிருக்கும். கல் பாவிய மேடை, அதன்மேல் பின்வரிசையில் பெரியதும் முன்வரிசையில் சிறியதுமாகப் பழுப்பு நிற ஜாடிகள். கதாநாயகி தனியாக அழவும் மாமியார் குரலை உயர்த்தவும் இயக்குநர்கள் தேடிப் பிடிக்கும் இடம் அது. எனக்கு அந்தக் காட்சிகளில் வசனம் காதில் ஏறுவதில்லை.

மேடைக்கு ஜாங்தோக்தே என்று பெயர். ஜாடிகள் ஒங்கி. உள்ளே சோயா குழம்பும் சோயா விழுதும் மிளகாய் விழுதும் மாதக்கணக்கில், சில வீடுகளில் ஆண்டுக்கணக்கில், புளித்துக்கொண்டிருக்கும். கொரியப் பீங்கான் என்றதும் ரசிகர்கள் நிலா ஜாடி எனப்படும் வெள்ளை உருண்டையின் முன் போய் நின்றுவிடுகிறார்கள். அழகானதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் தனியாக வைத்துப் பார்க்க முடியும். ஒங்கியை அப்படி வைத்தால் பாதி செத்துவிடுகிறது. வெயில் வேண்டும், பக்கத்தில் இன்னும் நாலு ஜாடி வேண்டும், ஒன்றிரண்டின் மூடி திறந்திருக்க வேண்டும். சியோலின் கியோங்போக்குங் அரண்மனையில் அரசவைக்கான ஜாடி முற்றத்தையே மீட்டுக் கட்டியிருக்கிறார்கள். ஒங்கியைப் பார்க்க வேண்டிய முறை அது.

நம் வீட்டு மண்பானை தண்ணீரைக் கசியவிடும். ஊறுகாய் ஜாடி எதையும் விடாது. ஒங்கி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மணல் கலந்த களிமண்ணை ஏறத்தாழ 1,200 டிகிரி வெப்பத்தில் சுடும்போது சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழுகின்றன. குழம்பு உள்ளே தங்கும், வாயு வெளியேறும். அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தினர் 2023-ல் ஒங்கியிலும் கண்ணாடி ஜாடியிலும் உப்பிட்ட முட்டைக்கோஸை வைத்து அளந்து பார்த்தார்கள். ஒங்கிக்குள் கரியமில வாயு கண்ணாடியில் சேர்ந்ததைவிட மிகக் குறைவாகவே சேர்ந்திருந்தது. கொரியப் பாட்டிமார்களுக்கு இதற்குக் கருவி தேவைப்படவில்லை. ஜாடியின் வெளிப்புறத்தில் வெள்ளையாக உப்புப் பூக்கும். அதை ஈரத்துணியால் துடைப்பது அன்றாட வேலைகளில் ஒன்று. துடைத்துத் துடைத்தே சுவர் மூச்சுவிட வழிவிட்டார்கள்.

வடிவத்தையும் வெயில்தான் தீர்மானித்தது. சியோலைச் சுற்றியுள்ள பகுதியில் ஜாடிகள் நெடுநெடுவென்று, அகன்ற வாயோடு இருக்கும். மெலிந்த வெயிலை முடிந்தவரை உள்ளே வாங்க வேண்டும். தெற்கே இறங்க இறங்க வயிறு பருத்து வாய் குறுகும். அங்கே சுடும் வெயிலில் குழம்பு வற்றிவிடக் கூடாது. எனக்குத் தெற்கத்தி ஜாடிதான் பிடிக்கும். அந்தத் தோள்பட்டையின் திரட்சி வேறெங்கும் கிடையாது.

தென்மேற்கே ஜொல்லா வட்டாரத்தில் அதைச் செய்வது தனி விதம். களிமண்ணை நீண்ட பட்டையாகத் தட்டி, சக்கரத்தின்மேல் வளையமாக நிறுத்தி, உள்ளே ஒரு கையில் மரக்குமிழைத் தாங்கிப் பிடித்து, வெளியே மறுகையால் தட்டுப்பலகையால் அடிக்கிறார்கள். பெரிய ஜாடியென்றால் பாதி உயர்ந்ததும் உள்ளே ஒரு சிறு கரிக்கனலைத் தொங்கவிடுவார்கள். கீழ்ப்பாதி காய்ந்து இறுகினால்தான் மேல்பாதியின் பாரத்தைத் தாங்கும்.

இதுவரை சொன்ன எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. இனி வருவதற்குக் கிடையாது. என்னை இந்த ஜாடிகளிடம் இழுத்ததும் அதுதான். காய்ந்த ஜாடியைக் காட்டு மண்ணும் சாம்பலும் கரைத்த குழம்பில் தோய்த்தெடுத்ததும், அந்தப் பூச்சு காய்வதற்குள் குயவர் விரல்களை அதன்மேல் ஓட்டுகிறார். விரல் போன இடத்தில் பூச்சு விலகி, அடியிலுள்ள மண் தெரிகிறது. ஒரு வளைவு, அதை வெட்டிக்கொண்டு இன்னொரு வளைவு. புல்லா, அலையா, பறவையா என்று சொல்ல முடியாது. சில நொடி வேலை. தயங்கினால் பூச்சு வழிந்து கோடு மூடிக்கொள்ளும், திருத்தவும் முடியாது. ஆயிரம் ஜாடிக்கு ஆயிரம் முறை போட்டுப் பழகிய கைக்கு மட்டுமே அந்த அலட்சியம் வரும். தூரிகை பிடித்த அரசவை ஓவியர்களிடம் இந்த வேகத்தை நான் கண்டதில்லை. கையெழுத்து, பெயர் எதுவும் கிடையாது.

பெயர் போடாததற்கு, சிலர் விஷயத்தில், வேறு காரணமும் இருந்திருக்கலாம். குயவர்களுக்குச் சமூகத்தில் மதிப்பில்லை. 19-ஆம் நூற்றாண்டில் அரசு கத்தோலிக்கர்களை வேட்டையாடியபோது தப்பியவர்கள் பலர் மலைக்கு ஓடி இந்தத் தொழிலில்தான் ஒளிந்துகொண்டார்கள். ஜாடிகளை முதுகில் சுமந்து ஊர் ஊராக விற்கிறவனை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். சக விசுவாசிகளின் செய்தியும் அவனோடு பயணம் போகும். கொரியாவின் முதல் கர்தினால் கிம் சூ-ஹ்வான் ஒங்கி விற்றுப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவர். தமக்கு வைத்துக்கொண்ட புனைபெயரும் ஒங்கி என்பதே.

சோயா குழம்பு போடும் நாளில் ஜாடிக்கும் சடங்கு உண்டு. உப்புக் கரைசலில் முட்டையை மிதக்கவிட்டு, வெளியே தெரியும் வட்டத்தின் அளவைக் கொண்டு பக்குவம் பார்ப்பார்கள். கரித்துண்டும் காய்ந்த மிளகாயும் உள்ளே மிதக்கும். ஜாடியின் கழுத்தில் இடப்புரியாக முறுக்கிய வைக்கோல் கயிறு கட்டுவார்கள். வெள்ளைக் காகிதத்தைக் காலுறை வடிவில் வெட்டித் தலைகீழாக ஒட்டுவதும் உண்டு. பூச்சியும் தீயதும் அந்தக் காலுறைக்குள் போய் மாட்டிக்கொள்ளுமாம். குழம்பு கெட்டால் வீட்டுக்குக் கேடு என்று நம்பியவர்கள் வேறென்ன செய்வார்கள்! இந்தக் குழம்பு, விழுது தயாரிக்கும் மரபு 2024-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது.

அதற்குள் மேடைகள் பெரும்பாலும் காலியாகிவிட்டன. அடுக்குமாடி வீட்டில் வெயிலுக்கு எங்கே போவது? 1995-க்குப் பிறகு, புளிக்கவைத்த முட்டைக்கோஸான கிம்சிக்கென்றே தனிக் குளிர்பெட்டி பரவி, மண்ணில் கழுத்தளவு புதைத்த பனிக்கால ஜாடிகளுக்கும் ஓய்வு கொடுத்தது. இடையில் விறகை மிச்சம்பிடிக்கப் பூச்சில் ஈயச் செந்தூரம் கலந்த காலமும் உண்டு. அந்த ஜாடிகள் பளபளக்கும். மூச்சுத் துளைகள் அடைபட்டுப் போயிருக்கும்.

ஆகவே உல்சான் நகருக்கு அருகே ஒயேகோசான் குயவர் கிராமத்துக்கு நீங்கள் போனால், முகம் தெரிகிற அளவுக்கு மின்னும் ஜாடியைத் தொடாதீர்கள். கொஞ்சம் மங்கலாக, ஒரு பக்கம் கருத்து மறுபக்கம் சிவந்திருப்பதைப் பாருங்கள். விரல் முட்டியால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். கையை உள்ளே விட்டுத் தடவினால் மரக்குமிழ் பதிந்த தடங்கள் விரலுக்குத் தட்டுப்படலாம். மூடியையும் சேர்த்தே வாங்குங்கள். பிறகு பொருந்துகிற ஒன்று கிடைக்காது.