மில்லிமீட்டரில் அளந்த பன்றி

இரண்டாம் உலகப்போர்க் காலம்வரை அமெரிக்கப் பண்ணைகளில் கொழுத்த பன்றிக்கு நல்ல மதிப்பு. அதன் கொழுப்பை உருக்கி எடுக்கும் லார்டு சமையலுக்கும் சோப்புக்கும் போனது. போருக்குப் பின் தாவர எண்ணெயும் சலவைத்தூளும் அந்த இடத்தைப் பிடித்தன. வாங்க ஆளில்லாத கொழுப்பைத் தீனி போட்டு வளர்ப்பானேன்?

மெலிந்த பன்றியைக் கண்டறிவது எப்படி? டென்மார்க் 1907லேயே சோதனை நிலையங்கள் தொடங்கி, குட்டிகளை வளர்த்து வெட்டிப் பார்த்துப் பெற்றோரின் தரத்தைக் கணித்தது. 1952இல் அமெரிக்காவின் அயோவா மாநில ஆய்வாளர் லனாய் ஹேசல் அதைவிட எளிய வழி கண்டார். உயிருள்ள பன்றியின் முதுகுத்தோலில் சிறு கீறல் போட்டு, மெல்லிய உலோக அளவுகோலைத் தசையில் முட்டும்வரை செருகினால் கொழுப்பின் கனம் தெரிந்துவிடும். மெலிந்ததை இனவிருத்திக்கு வைத்துக்கொள்ளலாம். பின்னாளில் அந்த வேலையை அல்ட்ராசவுண்ட் எடுத்துக்கொண்டது.

மெலிந்ததைத் தெரிவு செய்ததன் பலனை யாரும் மறுக்க முடியாது. தசையில் முக்கால் பங்கு தண்ணீர். கொழுப்பில் தண்ணீர் சொற்பம். அதனால் ஒரு கிலோ கொழுப்பு வளரத் தேவையான தீனி, ஒரு கிலோ தசைக்குத் தேவையானதைவிட மிக அதிகம். மெலிந்த பன்றி தானியத்தை மிச்சப்படுத்துகிறது.

ஆனால் அளவுகோலுக்குக் கொழுப்பு மட்டுமே தெரியும். பெல்ஜியத்தின் பியெத்ரேன் இனம் தசை திரண்டது, கொழுப்பு குறைந்தது. லாரியில் ஏற்றினாலோ வெயிலில் விரட்டினாலோ அவற்றில் பல விறைத்துச் செத்தன. பிழைத்தவற்றின் இறைச்சி வெளிறி, துவண்டு, நீர் கசிந்தது. 1970களில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் குட்டியின் மூக்கில் முகமூடி வைத்து ஹாலோதேன் மயக்கவாயு கொடுத்துப் பார்த்தார்கள். சில நிமிடங்களில் கால்கள் கட்டையாய் விறைத்தால் அந்தக் குட்டிக்குக் கோளாறு உண்டு. 1991இல் டொரண்டோவில் டேவிட் மெக்லென்னன் குழு காரணத்தைப் பிடித்தது: தசைக்குள் கால்சியத்தைத் திறந்துவிடும் வாயிலுக்கான மரபணுவில் ஒற்றை எழுத்துப் பிழை. அவர்கள் சோதித்த ஐந்து இனங்களிலும் அதே பிழை. அது தசையைக் கூட்டிக் கொழுப்பைக் குறைத்ததால், மெலிந்ததைத் தேடியவர்கள் நோயையும் சேர்த்தே பெருக்கிவிட்டார்கள்.

டிஎன்ஏ சோதனை வந்ததும் பல இனங்களிலிருந்து அந்தப் பிழை களையப்பட்டது. அதுவரை நடந்ததில் அறியாமைக்கும் பங்குண்டு. சோதனை கையில் இருந்தும், அந்தப் பிழையுள்ள மரபணுவின் ஒரு பிரதி இருந்தால் கறி கூடும் என்று சிலர் ஆண் வழியில் அதை வைத்துக்கொண்டதற்குச் சமாதானமே கிடையாது.

ருசியும் அடிவாங்கியது. முதுகுக் கொழுப்போடு தசை இழைகளுக்குள் ஓடும் கொழுப்பும் குறைய, வறுத்த துண்டு சக்கையானது. அதைச் சரிக்கட்ட டியூராக் இன ஆண் பன்றிகளை நாடினார்கள். கொழுப்புக்குப் பேர்போன ஹங்கேரியின் மங்கலிட்சா இனமோ, 1990களின் தொடக்கத்தில் அழிவின் விளிம்புக்கே போய் மீண்டது.

தாய்ப்பன்றியின் நிலை இன்னும் கவலைக்குரியது. பால் கொடுக்கும் வாரங்களில் அது தன் கொழுப்பையும் கரைத்துக் குட்டிகளுக்கு ஊட்டுகிறது. சேமிப்பே இல்லாத உடம்பு மேலும் இளைத்து, கான்கிரீட் தரையில் கிடக்கும்போது தோள்பட்டை எலும்பு உறுத்திப் புண்ணாகிறது. மெத்தென்ற தரை வலியைக் குறைக்கும். ஆனால் அந்தப் புண் வரும் போக்கிலும் பரம்பரைக்குப் பங்குண்டு; எனவே கொழுப்பைப் போல அதையும் தெரிவு செய்து குறைக்க முடியும். ஐரோப்பிய வெட்டுக்கூடங்களோ கொழுப்பற்ற இறைச்சியின் சதவீதத்தைப் பார்த்தே தரம் பிரிக்கின்றன. குட்டியின் உடலில் காசு பார்க்கும் அந்தக் கணக்கில் தாயின் தோள்புண்ணும் ஏறியாக வேண்டும்.