கோபுரமல்ல, குழாய்

சிறை என்று பேச்செடுத்தாலே நாம் பெந்தாமின் காவல் கோபுரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்கிறோம். நானும் அப்படி இரண்டு மூன்று கட்டுரைகள் எழுதித் தள்ளியிருக்கிறேன். ஃபூக்கோவைப் படித்த சூடு. தனிமைச் சிறை பற்றி ஃபூக்கோவே எழுதியிருக்கிறார். கோபுரத்தை மட்டும் பிடித்துக்கொண்டது நாம்தான்.

1791இல் பெந்தாம் முன்வைத்த அந்தச் சிறையை இங்கிலாந்து அரசு கட்டவேயில்லை. 1842இல் லண்டனில் திறந்து, பின்வந்த சிறைகளுக்கு அச்சாக நின்றது பென்டன்வில். அதை வரைந்தவர் தத்துவவாதியல்ல. ஜோஷுவா ஜெப் என்கிற ராணுவப் பொறியாளர். அவருக்குப்பின் அதே பொறுப்புக்கு வந்த ஹெண்டர்சனும் டூ கேனும்கூட அதே பொறியாளர் படைதான்.

பென்டன்வில்லின் நடுக்கூடத்தில் நின்றால் நான்கு சிறகுகளும் தெரியும். என்ன தெரியும்? நடைவழி, கதவு, நடமாடும் காவலர். 520 அறைகளுக்குள் இருக்கும் கைதி தெரியமாட்டான். அவனைப் பார்க்கக் கதவில் ஒரு துளை. ஆக, மையப் பார்வையில் முதலில் அகப்பட்டவன் காவலன்.

கைதிக்காக ஜெப் கட்டியது மௌனத்தை. 13 அடி நீளம், 7 அடி அகலம், 9 அடி உயரத்தில் ஓர் அறை. பக்கத்து அறைக்குக் குரல் போகாதபடி தடித்த சுவர். சன்னலும் திறக்காது. அப்புறம் மூச்சு விடுவது எப்படி? இங்கதான் பொறியாளரின் வேலை. சுவருக்குள் காற்றுப்பாதைகள், குளிர்காலத்தில் சூடாக்கிய காற்று. அறைக்குள்ளேயே தண்ணீர், கழிப்பறை, விளக்கு. அன்றைய லண்டன் தொழிலாளி குடும்பங்கள் பலவற்றுக்கு எட்டாத வசதி! ஆனால் ஒவ்வொரு வசதியும், கைதி இன்னொரு மனிதனைச் சந்திக்க இருந்த ஒரு சந்தர்ப்பத்தை அடைத்தது. வெளியே வந்தால் முகத்தை மறைக்கும் தொப்பி. தேவாலயத்தில் ஆளுக்கொரு தடுப்பு. இப்படி 18 மாதம். சிலருக்குப் புத்தி பேதலித்தது. காலத்தைக் குறைத்தார்களே தவிர அமைப்பைக் கைவிடவில்லை.

மனிதாபிமானம் ஒரு பக்கம், ஒடுக்குமுறை மறுபக்கம் என்று பிரித்துப் பேசியே பழகிவிட்டோம். பென்டன்வில்லில் இரண்டும் ஒரே குழாயில் ஓடின.

கைதிகள் சும்மா இருக்கவில்லை. கழிப்பறைக் குழாய் வழியே பேசிக்கொண்டார்கள். என்ன ஆச்சு? பின்னாளில் அந்தக் கழிப்பறைகளையே எடுத்துவிட்டார்கள். வசதி பேச ஆரம்பித்ததும் வசதி போய்விட்டது.

சிறைச் சீர்திருத்தத்துக்கு மனு எழுதும் தோழர்களே, காற்றையும் தண்ணீரையும் கழிப்பறையையும் அவசியம் கேளுங்கள். கூடவே, பக்கத்து அறைக்காரனோடு பேசும் உரிமையையும் எழுதிச் சேருங்கள்.