சட்டத்தில் ஒரு ‘அல்லது’

போன மாதம் வெள்ளானூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பத்திரிகையில் ‘சுயமரியாதைத் திருமணம்’ என்று போட்டிருந்தார்கள். ஐயர் இல்லை, ஓமம் இல்லை. கட்சிப் பிரமுகர் ஒருவர் தாலி எடுத்துக் கொடுக்க, மாப்பிள்ளை கட்டினார். அப்புறம் பிரமுகர் முக்கால் மணி நேரம் பேசினார். பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரு வார்த்தை பேசவில்லை. மேடைக்குப் பக்கத்தில் பீரோ, கட்டில், பிரிட்ஜ், ரிப்பன் கட்டிய புது பைக்.

வீட்டுக்கு வந்ததும், இந்தத் திருமணத்தைச் செல்லுபடியாக்கும் சட்டப் பிரிவை எடுத்துப் படித்தேன். அதைப் படித்ததில் தோன்றியவைதான் இந்தக் குறிப்பு.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1928-இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் நடந்ததைத்தான் முதல் சுயமரியாதைத் திருமணம் என்பார்கள். அதன் பிறகு சுமார் நாற்பது வருடம், இப்படிக் கட்டிக்கொண்டவர்களின் நிலை சட்டத்தின் முன் கேள்விக்குறிதான். 1934-இல் நடந்த அப்படியொரு திருமணம் செல்லாது என்று 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1967-இல் அண்ணா முதல்வரானதும் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்க்கச் சட்டம் கொண்டுவந்தார். 1968 ஜனவரியில் அது அமலுக்கு வந்தது. அதற்கு முன்பு நடந்த திருமணங்களும் அதனால் செல்லுபடியாயின.

பிரிவு சொல்வது எளிமையானது. உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில், மூன்றில் ஏதாவது ஒன்றைச் செய்தால் போதும். ஒன்று, இருவருக்கும் புரிகிற ஒரு மொழியில் ‘இவரை ஏற்றுக்கொள்கிறேன்’ என்று இருவரும் அறிவிக்கலாம். அல்லது மாலை மாற்றிக்கொள்ளலாம், மோதிரம் போடலாம். அல்லது தாலி கட்டலாம். மசோதாவில் முதலில் தாலி கட்டாயம் என்று படும்படி ‘உம்’ இருந்ததாகவும், அதை ‘அல்லது’ ஆக்கும்படி பெரியார் சொன்னதாகவும் திராவிடர் கழகத்தார் சொல்வதுண்டு. புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஆண்டுக்கும் ஆருக்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த ஒரு சொல்லில் தாலி கட்டாயத்திலிருந்து விருப்பத்துக்கு இறங்கிவிட்டது.

இந்தப் பிரிவில் புரோகிதருக்கு இடமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். தலைமை தாங்குகிறவருக்கும் இடமில்லை என்பதை நான் படித்த பிறகுதான் கவனித்தேன். சட்டத்துக்குத் தேவை இரண்டு பேர், பார்க்க நாலு பேர், அவ்வளவுதான். வக்கீல் அலுவலகங்களில் ரகசியமாக நடக்கும் திருமணங்கள் செல்லாது என்று உயர் நீதிமன்றம் 2014-இல் சொன்னதை, 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஊரறிய அறிவிக்க வேண்டும் என்று பிரிவில் எங்கும் இல்லை, வீட்டு எதிர்ப்புக்குப் பயந்து வருகிறவர்களால் அப்படி அறிவிக்கவும் முடியாது என்பது அதன் நிலை. முடிவு அந்த இருவருடையது, பொறுப்பும் அவர்களுடையது.

நாம் செய்தது என்ன? மூன்று வழியில், வாயைத் திறக்கத் தேவையில்லாத வழியாகப் பார்த்து எடுத்துக்கொண்டோம். ஐயர் உட்கார்ந்த இடத்தில் பிரமுகரை உட்கார வைத்தோம். புரியாத மந்திரம் போய், காதில் விழாத வாழ்த்துரை வந்தது. மணமக்களே உறுதிமொழி சொல்லும் கொள்கைக் குடும்பங்கள் உண்டு, மறுக்கவில்லை. நான் போன கல்யாணங்களில் அது அபூர்வம்.

அந்த பைக்குக்கு வருகிறேன். 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டப்படி வாங்குகிறவரைப் போலவே கொடுக்கிறவரும் குற்றவாளி. ஆனால் கேட்காமல் கொடுத்த அன்பளிப்புக்கு, பட்டியல் எழுதி வைப்பது போன்ற நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. பட்டியலை யாரும் எழுதுவதில்லை. வசனத்தை மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறோம்: “நாங்க எதுவும் கேட்கலை. உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க.”

இதே வசனம் தேர்தல் சமயத்தில் வேறு சட்டை போட்டுக்கொண்டு வரும். “வீடு தேடி வந்து கொடுத்தாங்க, நாமளா கேட்டோம்?” அங்கேயும் சட்டம் இரு பக்கமும் பார்க்கிறது. ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். 2017 ஏப்ரலில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தல் ரத்தானது. 2019-இல் பணப் புழக்கத்துக்காக ரத்தான முதல் மக்களவைத் தேர்தல் என்ற பெயரை வேலூர் வாங்கியது. இரண்டு முறையும் நாம் திட்டியது கொடுத்தவர்களை மட்டும்தான். அன்றாடக் கூலிக்குப் போகிறவர் அந்தப் பணத்தை வாங்கினால் அவரைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு, ‘எல்லாரும் வாங்குறாங்க’ என்று கவரைப் பிரிக்கிற என் வகை ஆட்களைத்தான் கேட்கிறேன்.

பகுத்தறிவு என்றால் கடவுளையும் சடங்கையும் கேள்வி கேட்பது என்று சுருக்கிவிட்டோம். அது சுலபம், எதிரே நிற்பது அடுத்தவர் நம்பிக்கை. ‘இதில் நான் எடுத்த முடிவு எது?’ என்று கேட்கும்போதுதான் சங்கடம் ஆரம்பிக்கிறது.

எனக்கும் அந்தச் சங்கடம் உண்டு. என் கல்யாணமும் ஐயர் இல்லாமல் நடந்ததுதான். பல வருடம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நிச்சயதார்த்தத்தன்று எங்கம்மா அந்த வசனத்தைச் சொன்னபோது பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ‘எதுவும் வேண்டாம் மாமா’ என்று என் மாமனாரைப் பார்த்துச் சொல்ல மூன்று விநாடி போதும். சொல்லவில்லை. அவர் கடன் வாங்கித்தான் செய்தார் என்பது ரெண்டு வருஷம் கழித்துத் தெரிந்தது. அப்போது எனக்கு வயது 27, பி.இ. முடித்து வேலையில் இருந்தேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல வழியில்லை.

என் மகளுக்கு இப்போது பதினான்கு வயது. அவள் விரும்பினால் கல்யாணம் செய்துகொள்ளட்டும், எந்த முறையில் வேண்டுமானாலும். மேடையில் அவளும் அந்தப் பையனும் வாயைத் திறந்து பேச வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு முன்னால், மேலே எழுதியதை அவளிடம் நான் சொல்லியாக வேண்டும். இன்னும் சொல்லவில்லை.