எஸ்தாக்கியார் எவருக்கு நன்றி சொன்னார்?

அச்சுவேலி தம்பிமுத்துப்பிள்ளையின் பெயர் நம்மவர் பலருக்குத் தெரிந்திராது. நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசரைத் தெரியும். அவருடைய வளர்ப்புத் தந்தைதான் இவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அச்சுவேலியில் ஞானப்பிரகாச யந்திரசாலையை நிறுவி, கத்தோலிக்க இலக்கியங்கள் சிலவற்றை அச்சேற்றினார். ‘எஸ்தாக்கியார் நாடகம்’ அவற்றுள் ஒன்று. என்னோடு படிப்பிக்கிற கிறிஸ்தவ ரீச்சர் ஒருவர், “சேர், இது உங்கட ஐயூப் நபியின்ர கதை மாதிரித்தான் கிடக்கு, பாருங்கோ” என்று சொல்லாவிட்டால் நானும் இந்தக் கதைப் பக்கம் போயிருக்க மாட்டேன்.

உரோமைத் தளபதி ஒருவர் வேட்டையில், மானின் கொம்புகளுக்கிடையே சிலுவையைக் கண்டு மனம் மாறுகிறார். அதன்பின் சோதனை. கொள்ளைநோயில் வேலையாட்களும் மந்தையும் மடிகின்றன. வீட்டைக் கள்ளர் துடைத்தெடுக்கிறார்கள். கப்பற்காரன் பயணக் கூலிக்கு ஈடாக மனைவியைப் பிடித்து வைத்துக்கொள்கிறான். ஆற்றின் அக்கரையில் ஒரு மகனை விட்டு, மற்றவனை எடுக்கத் திரும்பி நட்டாற்றில் நிற்கும்போது, ஒருவனை ஓநாயும் மற்றவனைச் சிங்கமும் கவ்விக்கொண்டு போகின்றன.

சிலுவைக் காட்சி நமது அகீதாவுக்கு ஒவ்வாது. அதை மறைத்து ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று எழுதினால் அவர்களுக்கும் மரியாதையில்லை, நமக்கும் மரியாதையில்லை. நான் நின்று யோசித்தது அந்த ஆற்றில்தான்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஜாக்கோபுஸ் தெ வொராகினே தொகுத்த புனிதர் சரிதங்களிலும் இக்கதை உண்டு. அங்கே எஸ்தாக்கியார் உடனே நன்றி சொல்லிவிடவில்லை. தலைமயிரைப் பிய்த்துக்கொண்டு அழுகிறார். ஐயூபுக்காவது ஆறுதல் சொல்ல நண்பர்கள் இருந்தார்கள், எனக்கு அதுவுமில்லையே என்று இறைவனிடமே முறையிடுகிறார். அதன்பிறகுதான், தவறாக ஏதும் பேசிவிடாதபடி என் வாய்க்குக் காவல் வை என்று கேட்கிறார். கிறிஸ்தவ வழிபாட்டில் பணிவு என்பதை நான் விளங்கிக்கொண்டது இந்த இடத்தில். நாவு இடறிவிடும் என்று தெரிந்தவன், அந்த நாவையும் இறைவனிடமே ஒப்படைக்கிறான். யஃகூப் நபி (அலை) தமது துக்கத்தை அல்லாஹ்விடம் மட்டுமே முறையிடுவதாகச் சொன்னது நமக்குத் தெரிந்ததே. இருந்தும் நம்முடைய பயான்களில் ஸப்ர் என்றால் கண்ணீரே வரக்கூடாது என்பதுபோலப் பேசிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியபோது எனக்குப் பத்து வயது. டவுனில் இரும்புக்கடை வைத்திருந்த வாப்பா கற்பிட்டியில் வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனார். இரவில் கிடுகுக் கொட்டிலுக்குள் சாப்பிட்டுக் கை கழுவி ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்பார். கொஞ்ச நேரத்தில் அழுவார். “ஏன் வாப்பா அழுறீங்க?” என்று ஒருநாள் கேட்டேன். “அல்லாஹ்விட்டச் சொல்லாம ஆரிட்ட மகன் சொல்லுற?” என்றார்.

எஸ்தாக்கியாரும் பதினைந்து வருடம் ஒரு கிராமத்தில் வயற்காவல் காக்கிறார். சரிதக்காரர் இதை ஓரிரு வரியில் தாண்டிவிடுகிறார். என் கணக்கில் கதையின் கனமே அங்கேதான் கிடக்கிறது. படை நடத்திய கை கூலி வாங்குகிறது, முன்பு யாராயிருந்தேன் என்று ஒருவரிடமும் வாய் திறக்காமல். பிறகு மனைவியும் மக்களும் ஒருவர் மிச்சமில்லாமல் வந்து சேர்வதை என்னால் அவ்வளவாக ஏற்க முடியவில்லை. பட்டவர்கள் யாரைக் கேட்டாலும் அப்படி நடப்பதில்லை என்பார்கள். வாப்பாவின் கடையும் திரும்பி வரவில்லை.

ஆனால் கதை அந்த ஒன்றுகூடலோடு முடியவில்லை என்பதுதான் அதன் பலம். பழைய பதவி கிடைக்கிறது, போரில் வெற்றியும் கிடைக்கிறது. வெற்றிக்கு நன்றியாகத் தெய்வச் சிலைகளுக்குப் பலியிடப் பேரரசர் ஹத்ரியான் கோவிலுக்குப் போகிறார். எஸ்தாக்கியார் பலியிட மறுக்கிறார். பேரரசருக்கு இது விளங்கவில்லை: தொலைந்த மனைவி மக்கள் கிடைத்திருக்கிறார்கள், வெற்றி வந்திருக்கிறது, நன்றி சொல்ல என்ன தடை? தடை நன்றியில் இல்லை. அது போய்ச்சேரும் இடத்தில் இருக்கிறது. எல்லாம் இழந்த நாளில் எவனிடம் அழுதாரோ, எல்லாம் கிடைத்த நாளில் அவனை விட்டு வேறெங்கும் நன்றியைக் கொண்டுபோக அவர் இணங்கவில்லை. குடும்பத்தோடு பழுக்கக் காய்ச்சிய வெண்கல எருதுக்குள் அடைக்கப்படுகிறார்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, “எந்த இடம் பிடிச்சுது சேர்?” என்று ரீச்சர் கேட்டார். வயற்காவல் என்றேன். அவவுக்கு ஆச்சரியம்.