வேதியர் ஒழுக்கமும் பரமார்த்த குருவும்

வீரமாமுனிவர் என்றவுடன் நம்மவர் நினைவுக்கு வருவன தேம்பாவணியும், சதுரகராதியும், பரமார்த்த குரு கதையுமே. அவர் 1727-இல் இயற்றிய வேதியர் ஒழுக்கம் என்னும் உரைநடை நூலையோ, தமிழ் வசன வரலாறு எழுதுவோர் பெயரளவிற் சுட்டிவிட்டு அப்பாற் செல்வர். நடை அழகியது என்பர். அந்த நடையினால் முனிவர் சொல்லப் புகுந்த பொருள் யாது என வினவுவார் சிலரே.

1680-இல் இத்தாலியிற் பிறந்த முனிவர் மதுரை மிஷனில் தொண்டாற்றிய காலத்தில் குருமார் மிகச் சிலர், ஊர்களோ பல. ஓர் ஊரிற் குருவானவர் ஆண்டில் சில நாட்களே தங்குவார். ஏனைய நாட்களிற் செபம் நடத்துவதும், சிறுவர்க்குப் போதிப்பதும், சாகக் கிடப்போர்க்கு ஆறுதல் சொல்வதும் உபதேசியார் கடமை. அவரையே அக்காலத்துக் கத்தோலிக்கர் வேதியர் என்றனர். பிற்காலத்தில் மலாயாத் தோட்டங்களிலும் இத்தகைய உபதேசியார் இருந்தனர். ஆதலின் இது நமக்கு அயலான செய்தியன்று.

இவர்களுக்கு வழிகாட்ட எழுந்ததே இந்நூல். பிறரைத் திருத்தப் புறப்படுவோன் முன்னர்த் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதே இதன் உயிர்நாடி. போதகன் வாயிற் பிறக்கும் சொல் அவன் உள்ளத்தில் முன்னமே வேர்கொண்டிருத்தல் வேண்டும். இல்லையேல் கேட்போர் செவி நிறையும், நெஞ்சு நிறையாது.

இந்தக் கருத்தை மனத்திற்கொண்டு பரமார்த்த குரு கதையை மீண்டும் படித்தால், நகைப்புக்குள்ளே ஒரு வாள் ஒளிந்திருப்பது புலனாகும். குருவும் சீடர் ஐவரும் ஆற்றைக் கடக்கின்றனர். கரையேறியதும் ஒருவன் தன்னை விட்டுவிட்டு மற்றவரை எண்ணுகிறான். ஒருவரை ஆறு விழுங்கியதென்று அனைவரும் ஓலமிடுகின்றனர். சிறுவர்க்கு இது வெறும் வேடிக்கை. போதகர்க்கோ இதைவிடக் கூரிய கண்டனம் வேறில்லை. ஊரார் குற்றங்களையெல்லாம் எண்ணுவார். தம்மை மட்டும் எண்ணார். உன்னையும் சேர்த்து எண்ணு என்று உரைப்பதே வேதியர் ஒழுக்கம். ஒன்று நோயைக் காட்டுகிறது; மற்றொன்று மருந்தைத் தருகிறது. இரண்டும் ஒரே கையிலிருந்து வந்தவை.

இந்த மருந்து முழுமையானதா என்பதே நமது வினா. வேதியர் என்பது தமிழில் நெடுங்காலமாகப் பிறப்பால் உயர்வு கோரிய ஒரு வகுப்பாரின் பெயர். அதே சொல், போதிக்கும் தொழிலுடையார் யாவர்க்கும் உரியதாயிற்று. பிறப்பின் பெயர் பணியின் பெயராக மாறியது சிறிய புரட்சியன்று. ஆயினும் சொல் முன்னே நடந்தது. சபை பின்னே நின்றது. அந்த மிஷனில், மேற்குலத்தார் எனப்பட்டோர்க்கு ஒரு வகைக் குருமாரும், ஏனையோர்க்கு வேறு வகைக் குருமாரும் இருந்தனர். நெல்லை நாட்டு வடக்கன்குளத்துத் தேவாலயத்தில் சாதியாரைப் பிரித்து நின்ற தடுப்பு 1910-இலேதான் அகன்றது. நாள்தோறும் தன் நெஞ்சைச் சோதித்துக்கொள்ளும் ஒருவன், பக்கத்தில் மண்டியிட வேண்டிய சகோதரன் தடுப்புக்கு அப்பால் மண்டியிடுவதைக் காணாதிருந்தால், அந்தச் சோதனை பாதியிலேயே நின்றுவிட்டது என்போம். உள்ளத் தூய்மை தனியறையில் தொடங்கலாம்; அங்கேயே முடிந்துவிடுதல் ஆகாது.

சிங்கப்பூரில், ஓபிர் ரோட்டிலுள்ள லூர்து மாதா தேவாலயம் தமிழ்க் கத்தோலிக்கர்க்கென 1888-இல் எழுந்தது. ஷார்ட் ஸ்திரீட்டில் தமிழ் மெதடிஸ்ட் சபை உள்ளது. சிராங்கூன் ரோட்டுக் கோயில்களிற் சொற்பொழிவுகள் நிகழ்கின்றன. 1929-ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்தார். அவர் வருகையால் வலுப்பெற்ற சீர்திருத்த மேடையும் நமக்குண்டு. இவற்றுள் எதன்மீது ஏறி நிற்பவர்க்கும் முனிவரின் அளவுகோல் ஒன்றே. சாதியில்லை என்று மேடையில் முழங்கிவிட்டு, மகளின் திருமணப் பேச்சில் குலம் விசாரிக்கும் சீர்திருத்தக்காரர், செபம் சொல்லிக்கொண்டே தடுப்பைக் காத்த கிறிஸ்தவரை இகழ என்ன உரிமையுடையார்?

சமயம் வேண்டாதாரும் இந்நூலைப் படிக்கலாம். கடவுளைப் பற்றி அது கூறுவதை ஏற்பதும் தள்ளுவதும் அவரவர் அறிவுக்கு விட்டது. ஆனால் பிறர்க்கு வழி சொல்லத் துணிந்த எவரும், எண்ணிக்கையில் தம்மை விட்டுவிடும் உரிமை பெற்றவரல்லர்.