வடலூரிலிருந்து குன்றக்குடி வரை

சமயம் என்பது மறுமையைப் பற்றிய கவலையேயன்றி இம்மையின் சிக்கல்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று ஒரு சாராரும், சமயம் ஒழிந்தாலன்றிச் சமூகம் தலையெடுக்காது என்று மற்றொரு சாராரும் வாதித்துவந்த காலத்தில், இவ்விரு கட்சிகளிலும் சேராமல், தெய்வ நம்பிக்கையை விடாமலேயே சோற்றையும் கூலியையும் தொழிலையும் பற்றிப் பேசிய ஒரு மரபு தமிழ்நாட்டில் வளர்ந்தது. அம்மரபினருள் மூவரை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

1866-ஆம் ஆண்டுப் பஞ்சம் கிழக்குக் கரை நெடுகிலும் ஜனங்களை வாட்டியது. அதற்கு அடுத்த ஆண்டு மே 23 அன்று, பார்வதிபுரத்து மக்கள் மனமுவந்து அளித்த நிலத்தில், வள்ளலார் எனப்படும் இராமலிங்க சுவாமிகள் வடலூர் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிகிறது. சத்திய ஞானசபை திறக்கப்பட்டதோ 1872 தைப்பூசத்தில்தான். அடுப்பு முந்தியும் சபை பிந்தியும் அமைந்ததைத் தற்செயல் என்று நான் கருதவில்லை. அவருடைய 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' என்ற உரைநடை நூலில் பசியை வருணிக்குமிடம், கைதேர்ந்த வைத்தியர் ஒருவர் நோயாளியின் அருகே அமர்ந்து அங்கம் அங்கமாகப் பார்த்துக் குறித்ததுபோல் இருக்கிறது. கண் குழிவதும், செவி மந்தமாவதும், நாக்கு வறள்வதும், கைகால் தளர்வதும் அதில் ஒன்றுவிடாமல் வருகின்றன. அவற்றோடு, பசித்தவனுடைய அறிவு மயங்க, அவனுள் விளங்கும் கடவுள் விளக்கமும் மறைகிறது என்பதும் வருகிறது. ஆகவே சோறிடுவது புண்ணியக் கணக்கில் சேரும் உபகாரமன்று. மறைந்த அவ்விளக்கத்தை மீட்கும் வழிபாடே அது. பசி ஊழ்வினையின் பயனாயின் அதை நீக்குவது கடவுள் ஆணைக்கு விரோதமாகாதோ என்ற ஆட்சேபத்துக்கும், சிறையிலிட்ட குற்றவாளிக்கும் அரசன் தன் சேவகரைக்கொண்டு உணவளிக்கிறானல்லவா என்று அவரே விடை தருகிறார். தைப்பூசத்தன்று ஞானசபையில் ஏழு திரைகள் விலகுவதைக் காண முண்டியடிப்போரில் இந்தப் பக்கங்களைப் படித்தவர் எத்தனை பேரோ!

இக்காலத்து அறிஞர் பலர் அவருடைய சாதி மறுப்பைக் கொண்டாடிவிட்டு, மரணமிலாப் பெருவாழ்வு என்ற பேச்சு வந்ததும் சங்கடத்தோடு பக்கத்தைப் புரட்டிவிடுகின்றனர். என் அபிப்பிராயத்தில், இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை. உடம்பை அழியத்தக்க கூடு என்று தள்ளுகிறவனுக்குப் பிறன் பசி ஒரு பொருட்டன்று. மனித உடம்பே அழியா நிலையை எய்தவல்லது என்று நம்பியவருக்குத்தான் ஒரு வேளைப் பட்டினியும் பொறுக்கவொண்ணாத கேடாயிற்று. மனித குலத்தின் எதிர்காலத்தைப் பற்றி இவ்வளவு துணிவோடு நினைத்த சமயவாதி அக்காலத் தமிழகத்தில் வேறொருவரை நான் அறியேன்.

ஆயினும் நெற்களஞ்சியம் யார் கையில் இருக்கிறது என்ற கேள்விக்கு அந்தச் சிறைச்சாலை உவமையில் இடமில்லை. அக்கேள்வி பெரம்பூரில் எழுந்தது. ஆலைத் தொழிலாளர் கூடிச் சமயச் சொற்பொழிவு கேட்ட வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபையின் மேடையே, அவர்கள் தம் வேலை நேரத்தையும் கூலியையும் பற்றிப் பேசும் இடமாக மாறி, 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறக்க வழிவகுத்தது. பஜனை மடத்தின் நிழலில் தொழிற்சங்கம் முளைத்த இச்செய்தியை இரு கட்சியாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. அச்சங்கத்தின் துணைத்தலைவர்களுள் ஒருவராயிருந்த திரு.வி. கலியாணசுந்தரனார், 'முருகன் அல்லது அழகு' எழுதிய அதே கையால் தொழிலாளர் உரிமைக்கும் எழுதினார். வள்ளலாரின் சன்மார்க்கமும் மார்க்ஸின் பொதுவுடைமையும் ஒன்றையொன்று வேண்டி நிற்பவை என்று கடைசிவரை நம்பினார். அவருடைய நடையின் இனிமையில் இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள பிணக்குகள் சில கரைந்துபோயின என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1952-இல் ஆதீனத் தலைமை ஏற்ற குன்றக்குடி அடிகளார், மடத்தின் திண்ணையை விட்டிறங்கி, வினோபாவின் பூமிதான இயக்கத்தோடு நடந்தார். நாத்திகரான பெரியாரோடும் நட்புப் பூண்டார். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்து விஞ்ஞானிகளை அழைத்துத் தம் கிராமத்தில் சிறு தொழில்களுக்குத் திட்டம் வகுத்தார். சோறிடுவதும் கூலி கேட்பதும் போதா, உண்டாக்கும் திறனும் ஊருக்கு வேண்டும் என்பது அவர் கட்சி.

இவற்றையெல்லாம் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த நாட்களில் ஒரு பகல் தருமச்சாலைப் பந்தியில் நானும் அமர்ந்தேன். பக்கத்து இலைக் கிழவி, பாதிச் சோற்றை இலையின் ஓரமாக ஒதுக்கிவிட்டு, மடியிலிருந்த தூக்குச்சட்டியின் மூடியைத் திறந்தார். பரிமாறுகிறவர் அதைக் கவனித்துவிட்டு, "இலையில இருக்கிறத நீ சாப்பிடு ஆயா, தூக்குக்குத் தனியாப் போடறேன்" என்று சொல்லி, இரண்டு கரண்டி சோற்றை அதில் அள்ளிப்போட்டு, அடுத்த இலைக்கு நகர்ந்தார். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. வீட்டில் இருப்பவர் யார், அவர் ஏன் பட்டினி என்று கேட்க எனக்குத்தான் நா எழுந்தது.