செம்பில் கீறிய கோடு

1890இல் பாரீஸின் எக்கோல் தெ போஸார் கலைப்பள்ளியில் ஜப்பானிய மர அச்சுப் படங்களைப் பார்த்த மேரி கசாட், மறு ஆண்டே பத்து வண்ண அச்சுகளை முடித்தார். 'ஜப்பானியத் தாக்கம்' என்று எழுதிவிட்டு விமர்சகர்கள் நகர்ந்துவிடுவார்கள். எனக்கு அது போதவில்லை.

அவர் மரத்தைத் தொடவில்லை. செம்புத் தகட்டில் ஊசியால் நேராகக் கீறினார். டிரைபாயின்ட்டில் கோட்டுக்கு அமிலத்தின் துணை இல்லை, கையின் அழுத்தம் மட்டுமே. கீறலோரம் எழும்பும் பிசிறு மையைப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு முறை அச்செடுக்கும்போதும் நசுங்கித் தேயும். வண்ணத்துக்கு அக்வாடின்ட். எடுத்தவை 25 படிகள்.

உதமாரோவின் பெண்கள் பலர் யோஷிவாரா விடுதிப் பெண்கள், பார்ப்பவனுக்காக அமர்ந்திருப்பவர்கள். கசாட்டின் 'கடிதம்' அச்சிலோ ஒருத்தி உறையை உதட்டில் வைத்து ஒட்டுகிறாள். யாரோ பார்க்கிறார்கள் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. கோட்டைக் கற்றுக்கொண்ட கசாட், அந்தப் பார்வையை அங்கேயே விட்டுவிட்டார்.

எல்லாப் பெண்களுக்குமா? 'உடை அளவு' அச்சில் (வகுப்பில் காட்டினால் மாணவிகள் முதலில் கேட்பது இவளைப் பற்றித்தான்) தையல்காரி மண்டியிட்டுக் குனிந்திருக்கிறாள். நிற்கும் சீமாட்டிக்குக் கண்ணாடியில் பிம்பமும் உண்டு. தையல்காரியின் முகம் நமக்குத் தெரிவதில்லை.